இரண்டு நாடுகளுக்காக ஆடியவர்



விளையாட்டைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் எண்களே நிறைந்திருக்கும். யார், எந்த ஆண்டில், எத்தனை ஆட்டங்களில், எத்தனை கோல்கள் அடித்தார் என்ற கணக்கை அவை தருகின்றன. போலந்து நாட்டின் பழைய கால்பந்தாட்டக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், ஒருவருடைய பெயருக்கு நேரே இரண்டு வரிகள் இருப்பதைக் காணலாம். போலந்துக்காக 22 ஆட்டங்கள், 21 கோல்கள் என்பது முதல் வரி. ஜெர்மனிக்காக 8 ஆட்டங்கள், 13 கோல்கள் என்பது இரண்டாம் வரி. அவ்விரு வரிகளுக்கும் நடுவே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. போலந்து நாடு நிலப்படத்திலிருந்தே அழிக்கப்பட்டது. அந்நாட்டு மக்களில் பல லட்சம் பேர் மாண்டனர். அந்த ஆட்டக்காரரின் பெயர் எர்னெஸ்ட் விலிமோவ்ஸ்கி.

அவர் துரோகியா, அல்லது சூழ்நிலைக்கு இரையானவரா என்ற கேள்வி போலந்தில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. விடை கூறுமுன் வினாவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் சொல்லி வந்தவன் நான். ஆகவே முதலில் அவர் பிறந்த மண்ணைப் பார்ப்போம். பிறகு அவருடைய ஆட்டத்தைப் பார்ப்போம். அதன் பின்னரே அவருடைய நடத்தையைப் பற்றிப் பேசுவோம்.

ஐரோப்பாவின் நிலப்படத்தில் இன்றைய போலந்தின் தென்மேற்கு மூலையை நோக்குங்கள். அங்கே சைலீசியா என்னும் நிலப்பகுதி இருக்கிறது. அதன் கிழக்குப் பாகத்துக்கு மேல் சைலீசியா என்று பெயர். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் மிகுந்த பூமி அது. செல்வம் எங்கே புதைந்திருக்கிறதோ அங்கே போட்டியும் இருக்கும் அல்லவா? 14ஆம் நூற்றாண்டிலேயே அந்நிலம் போலந்து அரசின் கையை விட்டுப் போய்விட்டது. பிறகு ஆஸ்திரியாவின் ஆட்சியிலும், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பிரஷ்யாவின் ஆட்சியிலும் அது இருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் போலிஷ் மொழியின் சைலீசிய வழக்கும் ஜெர்மன் மொழியும் கலந்து புழங்கின. ஒரே வீட்டில் அண்ணன் தன்னைப் போலிஷ்காரன் என்றும் தம்பி தன்னை ஜெர்மானியன் என்றும் கூறிக்கொள்வது அங்கே அதிசயம் அன்று. இரண்டும் அல்ல, நாங்கள் சைலீசியர்களே என்று கூறியவர்களும் பலர்.

இந்த மண்ணிலே, கட்டோவிட்ஸ் நகரில், 1916ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் எர்னெஸ்ட் பிறந்தார். அப்போது அந்நகரம் ஜெர்மானியப் பேரரசைச் சேர்ந்தது. அவருடைய தந்தை ஜெர்மானியப் படைவீரராக முதல் உலகப் போருக்குச் சென்று உயிர் இழந்தார். தாய் பவுலீனா பின்னர் ரோமன் விலிமோவ்ஸ்கி என்பவரை மணந்தார். சிறுவனுக்கு வாய்த்த பெயர் அந்த மாற்றாந்தந்தையின் பெயரே ஆகும்.

1918இல் போர் முடிந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பங்கு போடப்பட்டுக் கிடந்த போலந்து மீண்டும் சுதந்திர நாடாக எழுந்தது. மேல் சைலீசியா யாருக்கு உரியது என்ற வழக்கு உடனே பிறந்தது. 1919, 1920, 1921 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அங்கே போலிஷ் கிளர்ச்சிகள் நடந்தன. 1921 மார்ச் 20ஆம் நாள் பொது வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. ஏறத்தாழ நூற்றுக்கு 60 பேர் ஜெர்மனிக்கும், 40 பேர் போலந்துக்கும் வாக்களித்தனர். இறுதியில் சர்வதேசச் சங்கத்தின் ஆலோசனைப்படி நிலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சுரங்கங்களும் ஆலைகளும் அடர்ந்த கிழக்குப் பகுதி போலந்துக்குக் கிடைத்தது. 1922 ஜூன் 20ஆம் நாள் போலந்துப் படை அந்த நகருக்குள் அணிவகுத்து நுழைந்தது. கட்டோவிட்ஸ் என்பது கட்டோவிட்சே ஆயிற்று.

அந்நாளில் எர்னெஸ்டுக்கு ஆறு வயது நிறைய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. வீட்டை விட்டு ஓர் அடியும் நகராமலே அச்சிறுவன் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போய்விட்டான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் செய்திகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி, ஆட்டத்துக்கு வருவோம். போலந்துக் கால்பந்தாட்டச் சங்கம் 1919இல் தோன்றியது. அந்நாட்டு அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1921 டிசம்பரில் புடாபெஸ்ட் நகரில் ஹங்கேரியை எதிர்த்து ஆடி, ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. 1927இல் நாடு தழுவிய லீக் பந்தயம் ஏற்பட்டது. அந்த முதல் ஆண்டிலேயே இரண்டாம் இடத்தைப் பெற்றது கட்டோவிட்சே நகரில் ஜெர்மானியச் சிறுபான்மையினர் நடத்திவந்த முதல் கால்பந்துக் கழகம் ஆகும். எர்னெஸ்ட் பந்தாடப் பழகியது அந்தக் கழகத்தில்தான்.

பக்கத்தில் வியெல்கீ ஹைதூகி என்னும் ஆலை ஊரில் ரூக் என்று மற்றொரு கழகம் இருந்தது. இன்று ஹோஷூவ் நகரின் பெயரோடு அது வழங்குகிறது. ரூக் என்ற சொல்லுக்கு இயக்கம் என்று பொருள். வாக்கெடுப்புக்காக ஊரெங்கும் பிரசாரம் நடந்துகொண்டிருந்த 1920இல், போலந்துப் பற்றுள்ள இளைஞர்கள் தோற்றுவித்த கழகம் அது. ஜெர்மானியக் கழகத்தில் வளர்ந்த எர்னெஸ்ட், பதினேழு வயதில் இந்தப் போலிஷ் கழகத்துக்கு மாறினார். 1934ஆம் ஆண்டு லீக் பந்தயத்தில் 33 கோல்கள் அடித்து, நாட்டிலேயே முதல்வராக நின்றார். அவரும், கெரார்டு வோதாஷ், தியோடோர் பெத்தெரெக் என்னும் இருவரும் சேர்ந்த முன்னணி வரிசையை மக்கள் மூன்று அரசர்கள் என்று கொண்டாடினர். அவர் ஆடிய காலத்தில் ரூக் கழகம் 1934, 1935, 1936, 1938 ஆகிய நான்கு ஆண்டுகளில் வாகை சூடியது.

அவருடைய ஆட்டத்தின் இயல்பு எத்தகையது? உருவத்தில் அவர் பெரியவர் அல்லர். செந்நிறத் தலைமுடி, நீண்டு நிற்கும் காதுகள், வலக்காலில் ஆறு விரல்கள். உடல் வலிமையால் எதிரியை இடித்துத் தள்ளுவது அவர் வழி அன்று. உடலை ஒரு பக்கம் சாய்த்து எதிரியை ஏமாற்றி, மறு பக்கமாகப் பந்தைக் கொண்டு செல்வார். கோல் காப்பாளரையும் அவ்வாறே கடந்து, வெறும் கோலுக்குள் பந்தை உருட்டி விடுவதில் அவருக்குத் தனி விருப்பம் உண்டு. 1934 மே மாதம், பதினெட்டு வயது நிரம்பு முன்பே, கோபன்ஹேகன் நகரில் டென்மார்க்கை எதிர்த்துப் போலந்து அணியில் முதன்முறையாக ஆடினார். அதே ஆண்டு வார்சாவில் ஜெர்மனியை எதிர்த்து நடந்த ஆட்டத்திலும் கோல் அடித்தார்.

திறமை இருந்த அளவுக்கு ஒழுங்கு இருந்தது என்று சொல்ல முடியாது. மதுப்பழக்கம் காரணமாகச் சங்கம் அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. அதனால் 1936இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கு அவர் அழைத்துச் செல்லப்படவில்லை. அவர் இல்லாமலே அங்கே போலந்து நான்காம் இடம் பெற்றது. அவர் இருந்திருந்தால் பதக்கம் கிடைத்திருக்கும் என்று வருந்தியவர்கள் பலர். இளமையில் புகழ் வந்து சேரும்போது அதைத் தாங்குவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை மைதானத்தில் பெற முடியாது.

1938ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் பந்தயம் பிரான்ஸ் நாட்டில் நடந்தது. யுகோஸ்லாவியாவை வென்று தகுதி பெற்ற போலந்து, முதன்முறையாக உலகக் கோப்பையில் கால் வைத்தது. ஜூன் 5ஆம் நாள் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பிரேசிலை எதிர்த்து ஆட்டம். அக்காலப் பந்தய முறையில் ஓர் ஆட்டத்தில் தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். பிரேசில் அணியில் லெயோனிதாஸ் என்னும் ஒப்பற்ற ஆட்டக்காரர் இருந்தார். முற்பாதி முடிவில் பிரேசில் மூன்று கோல்கள், போலந்து ஒன்று. அந்த ஒன்றும், கோலை நோக்கி விரைந்த விலிமோவ்ஸ்கியைத் தடுத்து வீழ்த்தியதால் கிடைத்த பெனால்ட்டி உதை; அதை உதைத்தவர் ஃபிரிடெரிக் ஷெர்ஃப்கே.

பிற்பாதியில் மழையால் நனைந்து சேறாகிப்போன மைதானத்தில் விலிமோவ்ஸ்கியின் கால்கள் பேசத் தொடங்கின. சில நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். பிரேசில் நான்காவது கோலை அடித்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் விலிமோவ்ஸ்கி மறுபடியும் சமன் செய்தார். 4-4. கூடுதல் நேரம் கொடுக்கப்பட்டது. அதில் லெயோனிதாஸ் இரண்டு கோல்கள் அடித்தார். இறுதி நிமிடங்களில் விலிமோவ்ஸ்கி தம் நான்காவது கோலை அடித்தார்; ஆயினும் ஆட்டம் 6-5 என்று பிரேசிலுக்கே போயிற்று. உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் நான்கு கோல்கள் அடித்த முதல் மனிதர் விலிமோவ்ஸ்கிதான். ஆனால் அவருடைய அணி தோற்றது. ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள் அடித்து அவரை முந்துவதற்கு, 1994இல் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோ வரும் வரையில் 56 ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் லூட்ஸ் நகரத்து அணி ஒன்றை ரூக் கழகம் 12-1 என்று வென்றது. அவற்றில் 10 கோல்கள் விலிமோவ்ஸ்கி ஒருவருடையவை. 1939 ஆகஸ்டு 27ஆம் நாள் வார்சாவில் ஹங்கேரியோடு ஆட்டம். முந்திய ஆண்டு உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற பலம் வாய்ந்த அணி ஹங்கேரி. போலந்து முதலில் இரண்டு கோல்கள் பின்தங்கியது. முடிவிலோ 4-2 என்று வென்றது. மூன்று கோல்கள் விலிமோவ்ஸ்கியுடையவை. வார்சா மக்கள் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினர். ஐந்து நாட்களுக்குப் பின், செப்டம்பர் 1ஆம் நாள் விடியற்காலையில், ஜெர்மானியப் படைகள் எல்லையைக் கடந்தன.

இங்கேதான் நம் கதையின் கடினமான பகுதி தொடங்குகிறது. ஆக்கிரமித்தவர்கள் மேல் சைலீசியாவை நேராக ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டனர். போலிஷ் கழகங்கள் கலைக்கப்பட்டன. போலிஷ் மக்கள் முறையாக விளையாடவே தடை விதிக்கப்பட்டது. பின்னர் ஜெர்மானிய மக்கள் பட்டியல் என்று ஒன்றை ஏற்படுத்தி, மக்களை நான்கு வகையாகப் பிரித்து அதில் பெயர் பதிவு செய்யும்படி செய்தனர். பதியாதவர்கள் வீட்டையும் தொழிலையும் இழக்கலாம், வெளியேற்றப்படலாம், முகாமுக்கும் அனுப்பப்படலாம். மேல் சைலீசியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிவாயினர். மக்கள் பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்துகொள்ளுமாறு கட்டோவிட்சே நகரின் ஆயர் ஸ்தனிஸ்வாவ் ஆதம்ஸ்கியே அறிவுரை கூறினார். அவர் ஜெர்மானியச் சார்புடையவர் அல்லர். போலந்துப் பற்று மிகுந்தவர். ஆகவே, பட்டியலில் பெயர் கொடுத்தார் என்ற ஒன்றை மட்டும் கொண்டு எவரையும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

விலிமோவ்ஸ்கி அதற்கு மேலும் சில அடிகள் எடுத்து வைத்தார். 1940இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குச் சென்று, காவல் துறையினரின் விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்தார். 1941 ஜூன் 1ஆம் நாள் புகாரெஸ்டில் ருமேனியாவை எதிர்த்து ஜெர்மானிய அணியில் ஆடி, இரண்டு கோல்கள் அடித்தார். 1942 அக்டோபரில் பெர்ன் நகரில் சுவிட்சர்லாந்தை எதிர்த்து நான்கு கோல்கள் அடித்தார். அதே ஆண்டு நவம்பரில் மியூனிக் நகரின் 1860 கழகம் ஜெர்மானியக் கோப்பையை வென்றபோது, இறுதி ஆட்டத்தின் முதல் கோல் அவருடையது. அவர் அணிந்த சட்டையின் மார்பில் இருந்த சின்னம், அவருடைய பழைய நண்பர்களைச் சிறையிலும் முகாமிலும் அடைத்து வைத்திருந்த அரசின் சின்னம்.

அந்த நண்பர்களுள் சிலருடைய முடிவையும் நாம் கேட்க வேண்டும். 1938 உலகக் கோப்பைக்கென அறிவிக்கப்பட்ட 22 பேர் பட்டியலில் விலிமோவ்ஸ்கியின் பெயரோடு அந்தோனி விக்கோ என்பவரின் பெயரும் இருந்தது. கிராக்கோ நகரின் விஸ்வா கழகத்தைச் சேர்ந்தவர். அவர் 1941 ஜூலையில் ஆஷ்விட்ஸ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922இல் போலந்து அணியின் முதல் கோலை அடித்தவர் யூசெஃப் கிளோட்ஸ் என்னும் யூதர். அவரும் 1941இல் கொலையுண்டார். விலிமோவ்ஸ்கியைத் தேர்ந்தெடுத்து ஆடவைத்த அணித் தலைவர் யூசெஃப் கவூஜா, ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைக்க மறுத்து, வறுமையில் வாடி 1944இல் கிராக்கோவில் காலமானார். போர் முடிந்தபின் போலந்து மக்கள் விலிமோவ்ஸ்கியைத் துரோகி என்று ஏன் அழைத்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள இந்த மூன்று பெயர்களே போதும். அவர்களுடைய சினம் வெறுப்பால் மட்டும் பிறந்ததன்று, துயரத்தால் பிறந்தது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஜெர்மானிய அணியில் ஆடிய புகழும் அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றிவிடவில்லை. அவர் தாய் பவுலீனா, ரஷ்ய யூதர் ஒருவரோடு பழகினார் என்ற குற்றச்சாட்டின்பேரில் கைது செய்யப்பட்டு ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார் என்றும், ஹெர்மன் கிராஃப் என்ற புகழ்பெற்ற விமானப்படை வீரரின் உதவியால் மகன் அவரை மீட்டார் என்றும் அவர் வாழ்க்கையை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். எந்த முகாமில் விக்கோ கொல்லப்பட்டாரோ அதே முகாமிலிருந்து தாயை மீட்பதற்கு, எந்தச் சட்டைக்காக அவரை ஏசினார்களோ அந்தச் சட்டை தந்த செல்வாக்கே பயன்பட்டது. இதைக் கேட்ட பின்னும் தீர்ப்புக் கூறுவது எளிது என்று எண்ணுகிறீர்களா?

போருக்குப் பின் அவர் போலந்துக்குத் திரும்பவில்லை. மேற்கு ஜெர்மனியில் சிறு கழகங்கள் பலவற்றில் ஏறத்தாழ நாற்பது வயது வரை ஆடினார். போலந்தில் அவருடைய பெயர் பல ஆண்டுகள் உரக்கப் பேசப்படவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி 1989இல் முடிவுற்ற பின்னரே அவரைப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் தாராளமாக வெளிவந்தன. 1995இல் ரூக் கழகம் தன் 75ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைத்தது. அவர் போகவில்லை. 1997 ஆகஸ்டு 30ஆம் நாள் கார்ல்ஸ்ரூ நகரில் காலமானார். தம்மைப் போலிஷ்காரர் என்றோ ஜெர்மானியர் என்றோ சொல்லிக்கொள்ளாமல், மேல் சைலீசியாக்காரர் என்றே அவர் சொல்லிக்கொண்டார் என்பர்.

இந்த வழக்கில் என் கருத்து யாது என்று நீங்கள் கேட்கலாம். என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. எந்த நாட்டவர் என்ற கேள்வியைக் கொண்டு அவரை அளப்பது தவறு என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவருடைய ஆறாம் வயதில் ஒரு விடையும், இருபத்து மூன்றாம் வயதில் வேறொரு விடையும் படைகளே எழுதிவிட்டுப் போயின. ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவரே ஷெர்ஃப்கேயும். போரின்போது ஜெர்மானியப் படையுடை தரித்தவர். எனினும் அந்நிலையிலும் பழைய போலிஷ் தோழர்கள் பலருக்கு அவர் உதவினார் என்று கூறுவர். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொடுமை நடக்கும் காலத்தில், தம் கைக்கு எட்டிய அளவில், அவர் யாருக்கு என்ன செய்தார்? இந்தக் கேள்வியின் முன் விலிமோவ்ஸ்கி பெருவீரராக நிற்க மாட்டார். அவர் பந்தாட விரும்பினார், உயிரோடு இருக்க விரும்பினார், இரண்டையும் சாதித்தார். தாயைக் காத்த மகன் என்ற பெருமை அவருக்கு உண்டு. விக்கோவும் கவூஜாவும் பெற்ற பெருமை அவருக்கு இல்லை. துரோகி என்ற சொல்லை நான் அவர்மேல் சுமத்த மாட்டேன்; அவருடைய தெரிவுகளை மறக்கவும் மாட்டேன்.

சைலீசிய மண் இன்றும் இத்தகைய ஆட்டக்காரர்களை ஈன்று வருகிறது. லூகாஸ் பொடொல்ஸ்கி அம்மண்ணில் கிளிவிட்சே நகரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் ஜெர்மனிக்குச் சென்றவர். 2008 ஜூன் 8ஆம் நாள், ஐரோப்பியக் கோப்பைப் பந்தயத்தில், ஜெர்மனிக்காக ஆடிப் போலந்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தார். இரண்டு முறையும் அவர் ஆரவாரம் செய்யவில்லை. 2021இல் அவர் சைலீசியாவுக்கே திரும்பி, ஸாப்ஷே நகரின் கூர்னிக் கழகத்தில் சேர்ந்து ஆடினார். அவரை அங்குள்ள மக்கள் அன்போடு வரவேற்றனர். ஒரே மண்ணில் பிறந்த இருவருக்கும் இரு வேறு வரவேற்பு. காரணம், பின்னவர் எல்லையைக் கடந்தபோது அங்கே போர் இல்லை. தெரிவு செய்யும்படி அவரைத் துப்பாக்கி முனையில் எவரும் நிறுத்தவில்லை.

மாணவ நண்பர்களே! உங்கள் நூலகத்தில் நல்ல நிலப்படச் சுவடி ஒன்று இருக்கும். அதில் 1914, 1922, 1939, 1945 ஆகிய நான்கு ஆண்டுகளுக்குரிய ஐரோப்பியப் படங்களை எடுத்து வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டோவிட்சே நகரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நகரம் இருக்கும் இடம் மாறாது. அதைச் சுற்றிய நிறம் மட்டும் மாறும். அவ்வாறு மாறிய ஒவ்வொரு நிறத்தின் கீழும் பந்தை உதைத்துக்கொண்டு எத்தனையோ சிறுவர்கள் வளர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு விலிமோவ்ஸ்கியின் பெயருக்கு நேரே உள்ள அந்த இரண்டு வரிகளை மறுபடியும் படியுங்கள்.